உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜம்ப மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே தலையைச் சொறிவார். தச்சு வேலை. கை சுத்தம், வாய் கையைவிட நீளம். ஆடுகிற நாற்காலிக்கு ஒரு கால் மாற்றிக் கொடுத்தாலும், "இனிமே இதுல யானை உக்காந்தாலும் அசையாது" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். யானை எதற்கு ஐயா நாற்காலியில் உட்காரப்போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார், நமக்குத்தான் அரை நாள் போய்விடும்.

கோர்ட்டில் நீதிபதி உட்காரும் மேடை அவர் போட்டது. "நான் இழைச்ச பலகை மேல உக்காந்துதான் ஐயா தீர்ப்பு சொல்றார்" என்பார், ஏதோ தீர்ப்பில் பாதி தன்னுடையது என்கிற மாதிரி. ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்கு உயிர் தாழ்ப்பாள்தான். மற்றவர்கள் மாட்டினால் தாழ்ப்பாள் கிறீச்சிடும், முரண்டு பிடிக்கும், மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். இவர் மாட்டினால் ஒற்றை விரலால் தள்ளினால் போதும், போன சுவடே தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் தான் மாட்டிய தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுத் திறந்து காட்டி, "சத்தம் கேட்டுச்சா? கேக்காது. அது என் கை" என்பார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசல் கதவிலும் இதே கூத்துதான். மருமகனின் தாயார், சம்பந்தியம்மா, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு "கேக்கலை சம்பந்தி" என்று சொல்லியாக வேண்டும்.

இப்படி ஊர் காது புளிக்கப் பேசிய மனிதர் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் மார் தட்டிக்கொள்ள உண்மையிலேயே தகுந்த வேலை அது ஒன்றுதான்.

இளவயதில், சண்டை நடந்த காலத்தில், அவர் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியாக இருந்தார். இப்போது அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்ப தூக்கம் வருதா?" என்று கேட்டாள். "வருது" என்றார். "அப்ப என்ன" என்று எழுந்து போய்விட்டாள். மகள் பிறந்த பிறகு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள்: "நாளைக்கு இவ ஒரு வீட்டுக்குப் போகணும். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." அப்படியே இருந்தது. தினமும் படுக்கும்முன் அவர் போட்டுக்கொள்கிற மாத்திரைக்கு வீட்டில் பிரஷர் மாத்திரை என்று பெயர். மகளே அப்படித்தான் நம்பினாள்.

மருமகனும் தச்சர்தான். மாமனாரோடு சேர்ந்தே பட்டறையைப் பார்த்துக்கொண்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அவருடைய தாயார் அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். அந்தக் குரலில்தான் ஒருநாள், இளைய மகனுக்குப் பேசிவைத்த சம்பந்தத்தைத் தான் வேண்டாம் என்று முறித்த கதையைச் சொன்னார். பெண்ணின் சித்தப்பா ஒரு காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாராம்.

"நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. ஆனா ரத்தத்துல இருக்கற சமாச்சாரம் இல்லையா சம்பந்தி? தெரிஞ்சுக்கிட்டே கொண்டுவந்து வீட்டுக்குள்ள விடலாமா?"

மேஸ்திரி கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அந்த டீயை அவர் குடிக்கவில்லை. பக்கத்து அறையில் அவருடைய மகள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சினிமாக்காரர்கள் வந்தது அந்த வாரம்தான். பஸ் டிப்போவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கிடங்கை எடுத்திருந்தார்கள். செட் போடும் பொறுப்பில் இருந்த ஆர்ட் டைரக்டர் நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண், காதில் பென்சில், செருப்பெல்லாம் பெயிண்ட்.

"சண்டைக் காலத்துல ஒரு மனநல ஆஸ்பத்திரி. அங்க மாட்டிக்கிட்ட நோயாளிங்களோட கதை. ஒரு முழு வார்டு கட்டணும் மேஸ்திரி. கதவு, ஜன்னல், கட்டில் எல்லாமே. உங்களால முடியுமா?"

மேஸ்திரியின் இழைப்புளி பாதிப் பலகையில் நின்றது. ஆனால் 'முடியுமா' என்கிற கேள்விக்கு அவர் வாய் எத்தனையோ வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. "என்கிட்ட வந்து முடியுமான்னு கேக்கறீங்களே மேடம்!" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"வந்த வேலையை வேணாம்னு சொல்ற வழக்கம் நமக்குக் கிடையாது."

"எனக்கு வேலையைப் பத்திப் பயமில்லைங்க. உங்க வாய்தான் பயம். நாலு பேர் உக்காந்து அந்தக் கதையைப் பேசறப்ப நீங்க சும்மா இருப்பீங்களா? பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்களும்தானே கேட்டீங்க?"

"இதைப் பத்தி என் வாய் எப்பவாவது திறந்திருக்கா?"

திறந்ததில்லைதான். ஆனாலும் அன்றைக்கு அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே மோதிக்கொண்டன.

வேலை தொடங்கியது. கிடங்குக்குள் ப்ளைவுட் சுவர் எழுந்தது. அதன்மேல் காரை உதிர்ந்த மாதிரி பெயிண்ட் அடித்தார்கள். ஆர்ட் டைரக்டர் கெட்டிக்காரப் பெண். அந்த ஆஸ்பத்திரியின் பழைய போட்டோக்களைத் தேடிப்பிடித்து வரைந்திருந்தார். உயரத்தில் இருக்கும் ஜன்னல், வரிசையாக இரும்புக் கட்டில், கோடியில் ஒற்றைக் கதவு, கதவின் வெளிப்பக்கம் கனத்த தாழ்ப்பாள். எல்லாம் அப்படியே. கட்டில்களை உள்ளே தூக்கிவைத்த அன்று மேஸ்திரி அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். சுவரோரம் மூன்றாவது கட்டில் அவருடையது. அதன் பக்கம் போகாமலே வேலையை முடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மேஸ்திரியும் அவர் அண்ணனும் ஒரே கூரையில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் கால் வழுக்கி விழுந்தார். தம்பி கையை நீட்டினார், எட்டவில்லை. அதற்குப் பிறகு தம்பிக்கு முதலில் தூக்கம் போனது, பிறகு பேச்சு போனது. அண்ணன் குரல் மட்டும் ஏதாவது ஒரு கூரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஏறப்போனார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன செய்வாள், பாவம். இன்னொரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே இரும்பு என்று ஒன்றையும் கையில் கொடுக்கமாட்டார்கள். சாப்பிட்ட கரண்டியைக்கூட உடனே திருப்பி வாங்கிக்கொள்வார்கள். உளி பிடித்துக் காய்த்துப்போன கைக்குத் தொட்டுப்பார்க்க ஒரு ஆணி கிடையாது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார்.

பிறகு சண்டை ஊருக்குள் வந்தது. டாக்டர்கள் ஒவ்வொருவராக, இதோ வந்துவிடுகிறேன் என்று போனார்கள். குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. ஒருநாள் காவல்காரரும் போய்விட்டார். போகும்போது, தினமும் செய்கிற வழக்கப்படி, வார்டுக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கைப்பழக்கம். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி மதில்மேல் குண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், முட்டினார்கள், அலறினார்கள். பெண்கள் வார்டிலிருந்து பெரிய சிஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்து திறந்தபோது, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் கதவோடு ஒட்டிக்கிடந்தார்கள்.

பெரிய சிஸ்டர் என்றால் உடம்பும் பெரிது, மனசும் பெரிது. போகாமல் இருந்தது அவரும் சமையல்காரரும் மட்டும்தான். அவர் எல்லோரையும் உட்காரவைத்து, டாக்டர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"தாழ்ப்பாள் வெளியில இருந்தா நீங்க தப்பிச்சு ஓட முடியாது. எவன் வந்தாலும் திறந்துக்கிட்டு உள்ள வரலாம். பக்கத்துத் தெருவுல துப்பாக்கிக்காரங்க ஆம்பளைங்களைக் குழி வெட்டப் பிடிச்சுட்டுப் போறாங்க. போனவங்க யாரும் திரும்பி வரலை. இதைக் கழட்டி உள்பக்கம் மாட்டணும். இங்க யாருக்காவது இந்த வேலை தெரியுமா?"

மூன்றாவது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார்.

"என்னைவிட நல்லாச் செய்யறவன் இந்த ஊர்லயே கிடையாது."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியா? வா, பாத்துடலாம்" என்று காவல்காரரின் அறையிலிருந்து கருவிப் பெட்டியைத் தூக்கிவந்தார். அதிலிருந்து உளியை எடுத்து, கூர் பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கைப்பிடியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கியதும் கட்டைவிரலால் கூர் பார்த்தார். மேஸ்திரி ஜம்பம் அடிக்கிற ஆளாக ஆனது அன்றைக்குத்தான். இது தெரிந்திருந்தால் தெருவில் யாரும் அவர் யானைக் கதையைக் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கமாட்டார்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே மாட்டினார். வெளிப்பக்கம் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளைச் சும்மா விட மனசில்லை. எரிந்துபோன தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி, தட்டி, மழமழவென்று சீவிவிட்டார். குண்டு விழுகிற ஊரில் ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று எவன் பார்க்கப்போகிறான்? அவர் பார்ப்பாரே, அது போதும்.

அன்றிலிருந்து வார்டில் ஒரு முறை ஏற்பட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டுச் சத்தம் நெருங்கினால் திறந்துவிட வேண்டும், எல்லோரும் தோட்டத்துப் பள்ளத்துக்கு ஓடுவார்கள். வேற்றுக் குரல் கேட்டால் திறக்கக் கூடாது. இதற்குத் 'தாழ்ப்பாள் முறை' என்று பெயர். முறையிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. எதற்கெடுத்தாலும் மழை வரும் என்று சொல்லும் மழைக்காரர் உண்டு, சொந்தப் பெயரையே மறந்தவர் உண்டு, நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பவர் உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்தால் அத்தனை பேரும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவார்கள். அதுவரை அவர்களை நம்பி யாரும் ஒரு கதவைக் கொடுத்ததில்லை.

துப்பாக்கிக்காரர்கள் வந்தது ஒரு மத்தியானம். அப்போது ஸ்டூலில் பியூன் இருந்தார். ஏதோ ஒரு பெரிய ஆபீசில் வாசலில் உட்கார்ந்தே காலம் கழித்தவர். புத்தி பிசகிய பிறகும் அந்த ஆபீசை விட்டு வராதவர். கதவு அதிர்ந்தது.

"யாருடா உள்ள? கதவைத் திற!"

வார்டில் எல்லோரும் கட்டிலுக்கடியில் நுழைந்தார்கள். பியூன் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா மீட்டிங்ல இருக்கார். இப்ப யாரையும் பாக்கமாட்டார். நாளைக்கு வாங்க."

வெளியே தட்டுவது நின்றது. "எந்த ஐயா?"

"பெரிய ஐயா. இங்க நின்னு கத்தாதீங்க, அவருக்குப் பிடிக்காது. என்ன விஷயம்னு சொல்லிட்டுப் போங்க, நான் காதுல போட்டுவைக்கறேன்."

துப்பாக்கிக்காரர்களுக்கும் மேலே ஒரு பெரிய ஐயா இருப்பார் அல்லவா? பூட்ஸ் சத்தம் கதவருகே கொஞ்சம் தடுமாறி, பிறகு படியிறங்கிப் போனது. சிஸ்டர் வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாரா சிரித்தாரா என்று மேஸ்திரியால் இன்றுவரை சொல்ல முடியாது. அடுத்த நாள் சண்டை வேறு பக்கம் நகர்ந்துவிட்டது.

எல்லாம் வேடிக்கையாகவே முடிந்துவிடவில்லை. அதற்கு முன்பே ஒருநாள் சமையல்கட்டின் மேல் விழுந்த குண்டில் சமையல்காரர் போய்ச் சேர்ந்தார். கஞ்சிப் பானையைத் தூக்கிவரப் போன மழைக்காரரும் போனார். இரும்புக் கட்டில்கள்மேல் போட்டிருந்த பலகைகளைக் கழற்றி மேஸ்திரிதான் இரண்டு பேருக்கும் பெட்டி செய்தார். ஆனால் ஒன்று. அந்த வார்டிலிருந்து ஒரே ஒரு ஆளைக்கூட எவனும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தத் தாழ்ப்பாளும் ஒருநாள்கூட முரண்டு பிடிக்கவில்லை. சண்டை முடிந்து, வைத்தியம் முடிந்து, அவர் வீட்டுக்கு வந்தார். சிஸ்டரும் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கூட இருந்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், சாட்சி சொல்ல யாருமில்லை. சொல்லவேண்டியவர் வாயில் தாழ்ப்பாள்.

இந்த நினைப்போடுதான் அவர் செட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலையில், வரைபடத்தில் இருந்தபடியே, கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாளை மாட்டினார். சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மருமகனும் போனார். மேஸ்திரி மட்டும் வார்டுக்குள் நின்று, கடைசியாக ஒருமுறை எல்லாம் சரியா என்று பார்த்தார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்தார். அவர்கள் டீ குடித்துவிட்டு வரும்போது பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. விளக்குகள் எரிந்தன, காமிரா ஓடியது. காவல்காரராக நடிப்பவர் பயந்த முகத்தோடு கதவைச் சாத்திவிட்டு, தாழ் போடக் கையை நீட்டினார். கை கதவில் தடவியது. அங்கே ஒன்றுமில்லை.

"கட்!" என்றார் டைரக்டர். அருகே வந்து பார்த்தார். ஆர்ட் டைரக்டர் கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். தாழ்ப்பாள் அங்கே இருந்தது. வெளியே, புத்தம்புதுக் கதவில், அடைத்த ஓட்டைகள். குனிந்து நகத்தால் சுரண்டினார். தீக்குச்சி.

"புதுக் கதவுல எதுக்கு இந்த வேலை? இதை யார் செஞ்சது?" டைரக்டரின் குரல் உயர்ந்தது. "இத்தனை பேர் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்!"

மேஸ்திரிக்கு அப்போதுதான் தன் கை செய்தது தெரிந்தது. சத்தியமாக அதுவரை தெரியாது. காவல்காரரின் கை அன்றைக்கு வழக்கப்படி தாழ் போட்டுவிட்டுப் போன மாதிரி, இவர் கையும் தன்பாட்டில் அதைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டது. அந்த வார்டில் தாழ்ப்பாள் வெளியே இருக்கப் பொறுக்காத கை அது.

அவர் வாயைத் திறக்கும்முன் மருமகன் முன்னால் போய் நின்றார். "நான்தான் சார். தப்பு நடந்துபோச்சு. வரைபடத்தைச் சரியாப் பாக்கலை. இப்பவே மாத்திடறேன்."

மாமனார் வேலையில் குறை என்று நாலு பேர் முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காக அந்த வாய் பேசாத மனிதர் பொய் பேசினார். மேஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் மகள் வாழ்க்கைக்கு ஒரு கேடும் இல்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கும் பத்திரம். அவரும் ஒரு கணம் அப்படித்தான் நின்றார். ஆனால் தன் வாழ்நாளிலேயே ஆக உயர்ந்த வேலையை ஒருவர் தப்பு என்று சொல்லுவார், இன்னொருவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளுவார், ஜம்ப மேஸ்திரி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாரா?

"அவர் செய்யலை சார். நான்தான் செஞ்சேன். தப்பும் இல்லை" என்றார். "அப்பவும் நான்தான் செஞ்சேன்."

"அப்பன்னா?"

"சண்டையப்ப. இந்த ஆஸ்பத்திரியில. நான் இந்த வார்டுல இருந்தேன்." கையை நீட்டிக் காட்டினார். "அந்த மூணாவது கட்டில்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனை, சிஸ்டரை, ஸ்டூலை, பியூனை, மழைக்காரரை. பியூன் பேசியதைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். பெட்டி செய்ததைச் சொன்னபோது விளக்குப் பிடித்தவர் விளக்கைக் கீழே வைத்தார். "ஒருத்தரைக்கூடப் பிடிச்சுட்டுப் போகலை சார். ஒருத்தரைக்கூட!" என்று முடித்தபோது அவர் குரல் அந்தக் கிடங்குக் கூரைவரை போனது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சினிமாக் கம்பெனி மேனேஜர், மேஜைமேல் கிடந்த மேஸ்திரியின் உளியை மெல்ல நகர்த்தி, பேப்பருக்குப் பின்னால் தள்ளினார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைப்பு. மேஸ்திரி பார்த்தார். இதற்குத்தானே இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

டைரக்டர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு எடுக்கற சீனுக்கு வெளியிலதான் வேணும். காவல்காரர் பூட்டிட்டுப் போகணும். ஆனா அதுக்கப்புறம் இதுதான் வேணும். இந்தத் தீக்குச்சியோட, இப்படியே." திரும்பினார். "இதைத் தொடாதீங்க. இன்னொரு கதவு செய்ய முடியுமா மேஸ்திரி? நீங்க சொன்னதை எல்லாம் சாயங்காலம் உக்காந்து இன்னொரு தடவை எனக்குச் சொல்லணும்."

"முடியுமான்னு கேக்கறீங்களே" என்று ஆரம்பித்தார் மேஸ்திரி. முடிக்க முடியவில்லை.

மருமகன் மேஜையருகே போனார். பேப்பரை விலக்கி உளியை எடுத்தார். கைப்பிடியை மாமனார் பக்கம் நீட்டி, "வாங்க மாமா, பலகை பாக்கலாம்" என்றார். தச்சர்கள் எல்லோரும் உளியை அப்படித்தான் நீட்டுவார்கள். மேஸ்திரிக்குத்தான் பெரிய சிஸ்டர் நினைப்பு வந்தது; வாங்கி, கட்டைவிரலால் கூர் பார்த்தார்.

கதவு முடிந்தது. டைரக்டரோடு பேசியும் முடிந்தது. மருமகன் வண்டியை எடுத்தார், மேஸ்திரி பின்னால் உட்கார்ந்தார். வண்டி பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனது. வழி நெடுக மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்றைக்குப் பேசினார் என்று இன்றைக்குப் பேச! ஆனால் இன்றைக்கு மேஸ்திரி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகளைப் பார்க்க மனைவியும் அங்கே வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே கால் வைக்கவில்லை. மருமகன் தாயார் முன்னால் போய் நின்று, வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்.

"அம்மா, மாமா அந்த ஆஸ்பத்திரியில நோயாளியா இருந்தவர். சண்டை வந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்க. மாமா ஒருத்தர்தான் நூறு பேரைக் காப்பாத்தியிருக்கார். ஒரு பட்டாளமே வந்து கதவை உடைச்சிருக்கு, மாமா மாட்டின தாழ்ப்பாள் அசையலை!"

"நூறு எல்லாம் இல்லை மாப்ள" என்றார் மேஸ்திரி வாசலிலிருந்து. "நாப்பதுக்குள்ளதான். பட்டாளமும் இல்லை, ஒரு அஞ்சாறு பேர். கதவை உடைக்கலை, தட்டினாங்க. நான் ஒருத்தன் மட்டும் இல்லை. ஸ்டூல்ல உக்காந்தது எல்லாரும்தான்." ஜம்ப மேஸ்திரி ஒரு கணக்கைக் குறைத்துச் சொன்னதை அந்தக் குடும்பம் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டது.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, உனக்குத் தெரியுமா?" மனைவி தலையை ஆட்டினாள். "என்கிட்டகூடச் சொல்லலையே அப்பா" என்று மகள் அழ ஆரம்பித்தாள். கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சம்பந்தியம்மா மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தை எட்டுகிற குரல் இப்போது வாசலை எட்டவே சிரமப்பட்டது.

"இப்ப?"

"மாத்திரை சாப்பிடறேன். பிரஷருக்குன்னு சொன்னது பொய். நல்லாத் தூங்கறேன். அண்ணன் இப்பக் கூப்பிடறதில்லை."

"நான் அன்னைக்கு அந்தப் பொண்ணு வீட்டைப் பத்திச் சொன்னப்ப நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"டீயை அப்படியே வச்சுட்டுப் போனீங்க. டீ நல்லா இல்லையோன்னு நெனச்சேன்." சம்பந்தியம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி. பொய் சொல்லமாட்டேன். நாளைக்கு இந்தக் குழந்தைக்கு ஒண்ணு வந்துட்டா?"

"எனக்கும் அந்தப் பயம் உண்டு" என்றார் மேஸ்திரி. "ஆனா எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, கூரையில ஏறற வரைக்கும் விட்டுட்டாங்க. நமக்குத் தெரியும். தூக்கம் வரலைன்னு அது சொல்ற அன்னைக்கே கூட்டிட்டுப் போவோம். நானே கூட்டிட்டுப் போறேன். நல்லாயிடும். நான் நல்லாயிட்டேன்ல?"

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனார். அடுப்படியில் ஏதோ உருண்டது. குழாய் திறந்து மூடியது. மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி செருப்பைக் கழற்றவா, அப்படியே திரும்பிப் போகவா என்று தெரியாமல் வெளியே நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து தட்டுகள் எடுத்துவைக்கிற சத்தம் வந்தது. பிறகு குரல், பழைய மைதானக் குரல்.

"இன்னும் எதுக்கு வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வந்து கதவைத் தாழ் போடுங்க சம்பந்தி, கொசு வருது! சாப்பிடலாம்."

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார், ஒற்றை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

"போட்டீங்களா இல்லையா? சத்தமே கேக்கலையே!"

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"போட்டாச்சு சம்பந்தி. சத்தம் கேக்காது. அது என் கை."